அறுபதுக்குப் பூஜ்யம்: மொரிஷியஸில் ஏன் அதே பெயர்களே ஆட்சிக்கு வருகின்றன?

இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுக்கூட்டத்தைப் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து படித்தவர்களுக்கு ஒரு குழப்பம் வந்திருக்கும். 1965இல் லண்டனில் நடந்த பேச்சுவார்த்தையில் அத்தீவுகளைப் பிரிட்டன் தனக்கென்று பிரித்தெடுத்துக்கொண்டபோது மொரிஷியஸ் தரப்புக்குத் தலைமை தாங்கியவர் ராம்கூலம். 2024 அக்டோபர் 3 அன்று அவற்றைத் திரும்பப் பெறும் உடன்பாடு அறிவிக்கப்பட்டபோது பிரதமராக இருந்தவர் ஜக்நாத். 2025 மே 22 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானபோது பிரதமர் மீண்டும் ராம்கூலம். முதல் ராம்கூலம் தந்தை, கடைசி ராம்கூலம் மகன், இடையில் வரும் ஜக்நாத்தும் ஒரு முன்னாள் பிரதமரின் மகன்தான்.

சுதந்திரம் பெற்ற 1968 முதல் இன்றுவரை மொரிஷியஸுக்கு ஐந்தே பிரதமர்கள். அவர்களில் நான்கு பேர் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஆயினும் அங்கே தேர்தல்கள் ஒழுங்காக நடக்கின்றன, ஆளுங்கட்சிகள் தோற்கின்றன, தோற்றவர்கள் மறுநாளே பதவியை விட்டு இறங்குகிறார்கள். வாரிசு அரசியல் என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். ஆனால் அந்தச் சொல், ஆட்சி ஏன் இத்தனை முறை மாறியது என்பதை விளக்குவதில்லை. விடையின் பெரும்பகுதி அந்நாட்டு வாக்குச்சீட்டின் அமைப்பில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். அதற்கு அத்தீவின் மக்கள்தொகையிலிருந்து தொடங்க வேண்டும்.

பூர்வகுடிகள் இல்லாத தீவு

மொரிஷியஸில் ஐரோப்பியர் வருவதற்கு முன் மனிதக் குடியிருப்பு இருந்ததில்லை. டச்சுக்காரர்கள் 1638இல் குடியேறி 1710இல் கைவிட்டுப் போனார்கள். 1715 முதல் பிரெஞ்சுக்காரர்களும், 1810 முதல் பிரிட்டிஷாரும் ஆண்டார்கள். கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். 1835இல் அடிமைமுறை ஒழிந்தபோது, அவர்களுக்குப் பதிலாக இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைக்கும் ஏற்பாடு ஏற்கெனவே தொடங்கியிருந்தது. போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் அவர்கள் இறங்கிய படித்துறையான ஆப்ரவாசி காட் இன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். அவ்வழியாக வந்தவர்கள் ஏறத்தாழ நாலரை லட்சம் பேர்.

பிரிட்டிஷார் ஆட்சியைக் கைப்பற்றினாலும் நிலம் பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகளிடமே இருந்தது. எனவே அரசியல் மூன்று அடுக்காக அமைந்தது. மேலே நிலமுடைய பிரெஞ்சு வம்சாவளியினர். நடுவில் பிரெஞ்சுப் பண்பாட்டைத் தழுவிய கிரியோல் (ஆப்பிரிக்க, கலப்பு வம்சாவளி) நடுத்தர வர்க்கத்தினரும் வணிகர்களும். கீழே கரும்புக் காட்டில் உழைத்த இந்திய வம்சாவளியினரும் அடிமைகளின் வழித்தோன்றல்களான கிரியோல் மக்களும். 1886இல் முதன்முதலில் தேர்தல் நடத்தப்பட்டபோது சொத்தும் வருமானமும் உள்ள சில ஆயிரம் பேருக்கே வாக்குரிமை இருந்தது.

கட்சிகள் தோன்றிய வரிசை

இன்றைய நான்கு முக்கியக் கட்சிகளையும் அவை தோன்றிய காரணத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் பின்னால் வரும் கூட்டணிக் கணக்கு விளங்கும்.

1. தொழிற்கட்சி. 1936 பிப்ரவரியில் மருத்துவர் மொரீஸ் க்யூரே தொடங்கியது. நிறுவனர் இந்து அல்லர், கிரியோல் சமூகத்தவர். எல்லா இனத் தொழிலாளரையும் ஒன்றாகத் திரட்டுவதே அதன் முதல் நோக்கம். 1937இல் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் வெடித்தன. 1943 செப்டம்பரில் பெல் வியூ ஹரேல் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள்மீது காவல்துறை சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கருவுற்றிருந்த அஞ்சலை குப்பன் என்ற பெண். அங்கே இருக்கும் விளையாட்டரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. புதிய அரசியலமைப்பின்படி ஏதாவதொரு மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் வாக்குரிமை கிடைத்ததால், 1948 தேர்தலில் வாக்காளர் எண்ணிக்கை எழுபதாயிரத்தைத் தாண்டியது. அத்தோடு அரசியலின் எடை இந்திய வம்சாவளியினர் பக்கம் சாய்ந்தது. லண்டனில் மருத்துவம் படித்துத் திரும்பிய சிவசாகர் ராம்கூலம் கட்சியின் தலைவரானார். கட்சியின் நிறம் சிவப்பு, சின்னம் சாவி.

2. பி.எம்.எஸ்.டி. (மொரிஷியஸ் சமூக ஜனநாயகக் கட்சி). முதலில் தோட்ட உடைமையாளர்களின் குரலாக ஜூல் கேனிக் தலைமையில் இருந்த கட்சியை, கயெத்தான் துவால் என்ற கிரியோல் வழக்கறிஞர் நகர்ப்புற ஏழைக் கிரியோல் மக்களிடம் கொண்டுபோனார். அதன் அடித்தளம், சுதந்திரம் வந்தால் இந்து பெரும்பான்மை ஆட்சி வந்துவிடும் என்ற அச்சம். சின்னம் சேவல், நிறம் நீலம்.

3. எம்.எம்.எம். (மொரிஷியஸ் போர்க்குண இயக்கம்). 1969இல் போல் பெரான்ஜேயும் அவர் தோழர்களும் தொடங்கிய இடதுசாரி இயக்கம். 1968 பாரிஸ் மாணவர் எழுச்சியின் அலையில் வந்த தலைமுறை அது. இன அரசியலுக்குப் பதிலாக வர்க்க அரசியல் என்பது அதன் முழக்கம். துறைமுகத் தொழிலாளரும் போக்குவரத்துத் தொழிலாளரும் அதன் படை. சின்னம் இதயம், நிறம் ஊதா.

4. எம்.எஸ்.எம். (போர்க்குண சோசலிச இயக்கம்). 1983இல் எம்.எம்.எம். பிளந்தபோது, அதன் தலைவராகவும் அப்போது பிரதமராகவும் இருந்த அனிருத் ஜக்நாத் தனியே தொடங்கியது. சின்னம் சூரியன், நிறம் ஆரஞ்சு.

சுதந்திரத்துக்கு முந்தைய ஒரு தேர்தலைத் தனியே சொல்ல வேண்டும். 1967 ஆகஸ்டில் நடந்தது பெயரளவில் பொதுத்தேர்தல், உள்ளபடி சுதந்திரம் வேண்டுமா என்ற பொதுவாக்கெடுப்பு. தொழிற்கட்சி, சுக்தேவ் பிசுண்தயாலின் ஐ.எஃப்.பி. என்ற கட்சி, அப்துல் ரசாக் முகமதுவின் முஸ்லிம் கட்சி ஆகிய மூன்றும் சேர்ந்த சுதந்திரக் கூட்டணி, 70 இடங்களில் 43ஐப் பெற்றது. எதிர்த்து நின்ற துவாலின் கட்சிக்கு 27 இடங்கள் கிடைத்தன. வாக்குகளிலோ நூற்றுக்கு 43க்கும் மேற்பட்டவர்கள் சுதந்திரத்துக்கு எதிரான அணிக்கு வாக்களித்திருந்தார்கள். தம் குடிமக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் விரும்பாத நிலையில் பிறந்த நாடு உலகில் அதிகம் இருக்காது. 1968 ஜனவரியில் போர்ட் லூயிஸில் கிரியோல் மக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டு பிரிட்டிஷ் படை வரவழைக்கப்பட்டது. மார்ச் 12 அன்று கொடி ஏறியது. அடுத்த ஆண்டே ராம்கூலம், சுதந்திரத்தை எதிர்த்த துவாலை அழைத்துத் தம் அரசில் சேர்த்துக்கொண்டார்.

நேற்றுவரை நாட்டின் இருப்பையே எதிர்த்தவரோடு இன்று ஆட்சியைப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற வழக்கம் அன்று தொடங்கியது. இதற்குப் பின் வந்த எந்தக் கூட்டணியும் தீவின் மக்களை அதிர்ச்சியடையச் செய்யவில்லை.

ஒரு வாக்காளர், மூன்று வாக்குகள்

நாடாளுமன்றத்தில் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் 62 பேர். முதன்மைத் தீவு 20 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் மூன்று உறுப்பினர்கள். கிழக்கே உள்ள ரோட்ரிக்ஸ் தீவு இருபத்தோராவது தொகுதி, அதற்கு இரண்டு உறுப்பினர்கள்.

நம் ஊர்த் தேர்தலுக்குப் பழகியவர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு இங்கே இருக்கிறது. முதன்மைத் தீவின் ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று வாக்குகள். மூன்றையும் மூன்று வெவ்வேறு வேட்பாளர்களுக்குப் போட்டே ஆக வேண்டும். இரண்டோடு நிறுத்தினால் சீட்டு செல்லாது. அதிக வாக்குப் பெற்ற முதல் மூன்று பேர் வெற்றி பெறுவார்கள். இதிலிருந்து மூன்று விளைவுகள் வருகின்றன.

முதலாவது, கட்சி தன் மூன்று வேட்பாளர்களை மூன்று சமூகங்களிலிருந்து பொறுக்கி நிறுத்த முடியும். ஒரு இந்து, ஒரு முஸ்லிம், ஒரு கிரியோல் என்று நிறுத்திவிட்டு, மூவருக்கும் சேர்த்துப் போடுங்கள் என்று கேட்கலாம். தீவில் இதை ‘ப்ளோக்’ வாக்கு என்பார்கள். ஒரு கட்சியில் ஒருவர், இன்னொன்றில் இருவர் என்று கலந்து போடுவதற்குக் ‘கூப்பே-த்ரான்ஷே’ என்று பெயர். பிரச்சாரத்தின் கடைசி வாரத்தில் எல்லாக் கட்சிகளும் மன்றாடுவது இந்தக் கலப்பு வாக்கு வேண்டாம் என்றுதான்.

இரண்டாவது, ப்ளோக் வாக்கு நன்றாக வேலை செய்தால் முன்னணியில் உள்ள அணி மூன்று இடங்களையும் அள்ளிக்கொள்ளும். ஒரு தொகுதியில் 52க்கு 48 என்று இருந்தாலும் முடிவு 3க்கு 0 ஆக இருக்கலாம். நாடு முழுவதும் ஒரே திசையில் காற்று வீசினால் 60க்கு 0. இதுவரை மூன்று முறை அப்படி நடந்திருக்கிறது: 1982, 1995, 2024. ஒவ்வொரு முறையும் வென்ற அணி வாங்கிய வாக்கு நூற்றுக்கு 60க்கு மேல், 70க்குக் கீழ். தோற்ற பக்கத்துக்கு வாக்களித்த லட்சக்கணக்கானோருக்கு முதன்மைத் தீவில் ஒரு பிரதிநிதிகூடக் கிடைக்கவில்லை.

மூன்றாவது விளைவுதான் கட்சிகளின் போக்கையே வடிவமைத்தது. தனித்து நிற்கும் கட்சி நசுங்கிப்போகும். தேர்தலுக்குப் பின் பேசி ஆட்சி அமைக்கலாம் என்று எந்தத் தலைவரும் காத்திருக்க மாட்டார். பேரம் முழுவதும் வேட்புமனுவுக்கு முன்பே முடிந்துவிடும்.

1976 தேர்தல் இதற்கு ஒரு பாடம். 1972இல் நடந்திருக்க வேண்டிய தேர்தலை ராம்கூலம்-துவால் அரசு தள்ளிப்போட்டது. நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது, பெரான்ஜே உள்ளிட்டோர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 1975 மாணவர் போராட்டத்துக்குப் பின் வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது. கடைசியில் 1976 டிசம்பரில் மூன்று அணிகள் தனித்தனியே மோதியபோது, எம்.எம்.எம். 34 இடங்களோடு முதலிடம் பெற்றது. 28 இடங்கள் பெற்ற தொழிற்கட்சி, 8 இடங்கள் பெற்ற துவாலோடு மறுபடி கைகோத்து ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டது. முதலிடம் வந்தும் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்த அனுபவத்தை எம்.எம்.எம். மறக்கவில்லை. 1982இல் அது, தொழிற்கட்சியிலிருந்து பிரிந்துவந்த ஹரீஷ் பூதூவின் பி.எஸ்.எம். (மொரிஷியஸ் சோசலிசக் கட்சி) கட்சியோடு முன்கூட்டியே சேர்ந்து 60க்கு 0 கண்டது.

மூன்றில் இரண்டு: கூட்டணிக் கணக்கு

1983க்குப் பின் மொரிஷியஸ் அரசியலை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: தொழிற்கட்சி, எம்.எம்.எம்., எம்.எஸ்.எம். ஆகிய மூன்றில் எந்த இரண்டு சேர்ந்தாலும் பெரும்பாலும் ஆட்சி அவர்களுக்கே. சாத்தியமான மூன்று ஜோடிகளும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை முயன்று பார்க்கப்பட்டுவிட்டன.

எம்.எஸ்.எம்.-தொழிற்கட்சி ஜோடி 1983, 1987, 2010 ஆகிய தேர்தல்களில் வென்றது. இவற்றில் 1987 முடிவு கவனிக்கத்தக்கது. இரு அணிகளுக்கும் இடையே வாக்கு வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. இடங்களோ 39க்கு 21.

எம்.எஸ்.எம்.-எம்.எம்.எம். ஜோடி 1991இல் 57 இடங்களையும், 2000இல் 54 இடங்களையும் பெற்றது. 2000இல் அது வாங்கிய வாக்கு ஏறத்தாழ 52 சதவீதம்தான்.

தொழிற்கட்சி-எம்.எம்.எம். ஜோடி 1995இலும் 2024இலும் 60க்கு 0 வென்றது. இடையில் 2014இல் அதே ஜோடி தோற்றது. அந்த விதிவிலக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சிவசாகரின் மகன் நவீன்சந்திர ராம்கூலமும் பெரான்ஜேயும் ‘இரண்டாம் குடியரசு’ என்ற திட்டத்தோடு வந்தார்கள். குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்து அவருக்குக் கூடுதல் அதிகாரம் தருவது, பெரான்ஜேயைப் பிரதமராக்குவது என்பது அதன் சாரம். தாள்மேல் கூட்டிப் பார்த்தால் தோற்க முடியாத அணி அது. ஆனால் இரு தலைவர்கள் தங்களுக்குள் பதவியைப் பங்கிட அரசியலமைப்பையே மாற்றப் பார்க்கிறார்கள் என்று மக்கள் அதைப் படித்தார்கள். 84 வயதான அனிருத் ஜக்நாத் தலைமையில் நின்ற அணி 60இல் 47 இடங்களை எடுத்துக்கொண்டது. கட்சிகளின் வாக்குகளைக் கூட்டிவிட முடியும் என்ற கணக்கு, எம்.எஸ்.எம்.-எம்.எம்.எம். ஜோடி தோற்ற 2005ஐப் போலவே இங்கும் பொய்த்துப்போனது.

மூன்று முக்கியக் கட்சிகளும் தனித்தனி அணியாக நின்றால் என்ன ஆகும் என்பதை 2019 காட்டியது. அனிருத்தின் மகன் பிரவிந்த் ஜக்நாத்தின் அணி 37 சதவீத வாக்கோடு 60இல் 38 இடங்களைப் பெற்றது. தொழிற்கட்சி-பி.எம்.எஸ்.டி. அணிக்கு 33 சதவீதம், 14 இடங்கள். தனித்து நின்ற எம்.எம்.எம்.முக்கு 20 சதவீதம், 8 இடங்கள். வாக்களித்தவர்களில் அறுபது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏற்காத அரசு, வசதியான பெரும்பான்மையோடு ஐந்தாண்டு ஆண்டது. அந்தத் தோல்வியிலிருந்துதான் 2024இன் கூட்டணி பிறந்தது. தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன் ஒட்டுக்கேட்கப்பட்ட தொலைபேசி உரையாடல்கள் இணையத்தில் கசிந்ததும், அரசு சமூக ஊடகங்களை முடக்க உத்தரவிட்டு மறுநாளே பின்வாங்கியதும் கோபத்தை வளர்த்தன. ஆனால் கோபம் மட்டும் 60 இடங்களைத் தராது. மூன்று வாக்கு முறையும் முன்கூட்டிய கூட்டணியும் சேர்ந்தே அதைத் தந்தன.

கொள்கை வேறுபாடு இதற்கெல்லாம் குறுக்கே வரவில்லையா என்ற கேள்வி எழும். 1983 வரை வந்தது. பன்னாட்டு நிதியத்தின் சிக்கன நிபந்தனைகளும், தீவு மக்கள் பேசும் கிரியோல் மொழிக்குத் தரவேண்டிய இடமும் அவ்வாண்டு அரசு உடைந்ததற்கான காரணங்களில் அடங்கும். அதன்பின் ஏற்றுமதித் தொழிற்பேட்டை, சுற்றுலா, வெளிநாட்டு நிதிச்சேவை, இலவசக் கல்வி, முதியோர் ஓய்வூதியம் என்ற பொதுப்பாதையை எல்லாக் கட்சிகளும் ஏற்றுக்கொண்டன. சண்டை யார் நடத்துவது என்பதைப் பற்றியதாக மாறியது. 2000இல் அனிருத் ஜக்நாத்தும் பெரான்ஜேயும் பிரதமர் பதவியை முதல் மூன்றாண்டு, பின் இரண்டாண்டு என்று பங்கிட்டுக்கொண்டார்கள். 1980களில் இஸ்ரேலில் நடந்த பதவிப் பகிர்வை வைத்து, தீவின் பத்திரிகைகள் அதற்கு ‘இஸ்ரேல் பாணி’ என்று பெயர் சூட்டின. 2003 செப்டம்பரில் பெரான்ஜே பதவியேற்றார். இந்து அல்லாத ஒருவர் பிரதமரானது அந்த ஒரு முறைதான். அதுவும் பிரதமர் வேட்பாளராகத் தாமே தேர்தலை வென்று வந்த பதவி அன்று.

வைஷ் என்று தீவில் அழைக்கப்படும் பெரிய இந்து சாதிப்பிரிவைச் சேர்ந்தவரே பிரதமராக முடியும் என்ற எழுதப்படாத விதி இருப்பதாகப் பலரும் வெளிப்படையாகவே பேசுகிறார்கள். கட்சிகளின் நடத்தை அந்தப் பேச்சை மறுப்பதாக இல்லை.

தோற்றவர்களில் எட்டுப் பேர்

அள்ளிக்கொள்ளும் தேர்தல்முறை சிறுபான்மைச் சமூகங்களைப் பிரதிநிதிகளே இல்லாமல் ஆக்கிவிடும் என்ற அச்சம் சுதந்திரத்துக்கு முன்பே இருந்தது. அதைத் தணிக்க உருவான ஏற்பாட்டுக்குப் பெயர் பெஸ்ட் லூசர் (சிறந்த தோல்வியாளர்) முறை. 62 பேர் தேர்ந்தெடுக்கப்பட்ட பின், தோற்ற வேட்பாளர்களிலிருந்து அதிகபட்சம் எட்டுப் பேரைத் தேர்தல் ஆணையம் உறுப்பினர்களாக்கும். நடைமுறை இப்படி:

1. ஒவ்வொரு வேட்பாளரும் மனுவில் தம் சமூகத்தை அறிவிக்க வேண்டும். அரசியலமைப்பு அங்கீகரிப்பவை நான்கு: இந்து, முஸ்லிம், சீன வம்சாவளி, பொது மக்கள்தொகை. கடைசிப் பெயர் விசித்திரமானது. முதல் மூன்றிலும் அடங்காத எல்லோரும் அதில் அடக்கம். தோட்ட முதலாளியும், அவருடைய முன்னோர்களிடம் அடிமையாக இருந்தவரின் வாரிசும் சட்டத்தின் கண்ணில் ஒரே சமூகம்.

2. ஒவ்வொரு சமூகத்தின் மக்கள்தொகையையும், அச்சமூகத்துக்குக் கிடைத்த இடங்களோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுப்பார்கள். எவருக்கு ஈவு மிக அதிகமோ அச்சமூகத்துக்கு இடம். எடுத்துக்காட்டுக்காக மட்டும்: 24,000 பேர் உள்ள ஒரு சமூகத்துக்கு ஓரிடமும் இல்லை என்றால் ஈவு 24,000. 1,36,000 பேர் உள்ள இன்னொன்றுக்கு 7 இடங்கள் இருந்தால், எட்டால் வகுக்க 17,000. எனவே இடம் சிறிய சமூகத்துக்குப் போகும். அதன்பின் அதன் ஈவு 12,000 ஆகக் குறைந்துவிடும்.

3. அச்சமூகத்தின் தோற்ற கட்சி வேட்பாளர்களில் தம் தொகுதியில் மிக அதிக வாக்குச் சதவீதம் பெற்றவர் உள்ளே வருவார். முதல் நான்கு இடங்கள் எந்தக் கட்சி என்று பாராமல் தரப்படும். அடுத்த நான்கு, அதனால் கட்சிகளின் பலவிகிதம் கெடாதபடி வெற்றிபெற்ற தரப்பை ஈடுசெய்யத் தரப்படும்.

இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள். முதலாவது, வகுக்கப்படும் மக்கள்தொகை 1972ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து வருகிறது. அதன்பின் சமூகவாரிக் கேள்வி கணக்கெடுப்பிலிருந்து நீக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய எண்களை வைத்து இன்றைய இடங்களைப் பங்கிடுகிறார்கள். சமூகத்தை அறிவிக்க மறுத்து மனு நிராகரிக்கப்பட்ட ரெசிஸ்தான்ஸ் எக் அல்தேர்நாதீவ் என்ற இடதுசாரி அமைப்பினர் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார்கள். புதுப்பிக்கப்படாத எண்களின் பேரில் இப்படிக் கட்டாயப்படுத்துவது அரசியல் உரிமை மீறல் என்று 2012இல் அக்குழு கூறியது. 2014 தேர்தலுக்கு மட்டும் அறிவிப்பு தற்காலிகமாக விருப்பத்துக்கு விடப்பட்டது. அதே அமைப்பு 2024இல் வெற்றிக் கூட்டணியில் இடம்பெற்று அமைச்சர் பதவியையும் பெற்றது.

இரண்டாவது ஓட்டையை 60க்கு 0 முடிவுகள் வெளிக்காட்டின. வென்ற அணியின் வேட்பாளர் அனைவரும் ஜெயித்துவிட்டால், ஈடுசெய்யும் நான்கு இடங்களுக்கு அங்கே தோற்றவர் என்று யாரும் மிஞ்சவில்லை. எனவே நான்கு பேரோடு முறை நின்றுவிடும். அந்த நான்கு பேரும் எதிர்த்தரப்பினரே. சமூகப் பிரதிநிதித்துவத்துக்காக வெட்டிய வாசல் எதிர்க்கட்சி உள்ளே வருவதற்கான ஒரே வாசலாக மாறுகிறது. 2024இல் எதிர்க்கட்சித் தலைவரான ஜோ லெஜொங்கார் அவ்வாசல் வழியே வந்தவர்தான். ரோட்ரிக்ஸ் தீவிலோ உள்ளூர்க் கட்சிகள் இரண்டுக்கு மட்டும் நேரடிப் போட்டி என்பதால், தோற்றவருக்கும் வாக்குச் சதவீதம் உயர்ந்து நிற்கும். 1995இலும் 2024இலும் நான்கில் இரண்டு இடங்கள் அச்சிறு தீவுக்கே போயின. 1995இல் அதுவரை பதின்மூன்று ஆண்டுகள் பிரதமராக இருந்த ஜக்நாத்தின் எம்.எஸ்.எம். கட்சிக்கு நாடாளுமன்றத்தில் ஓரிடம்கூட இல்லை.

தலைவர்கள் ஏன் மறைவதில்லை?

ஐந்தாம் எண் தொகுதியான பாம்ப்ளெமூஸ்-திரியோலேயை எடுத்துக்கொள்வோம். வடக்கே இந்து கிராமங்கள் நிறைந்த பகுதி, தொழிற்கட்சியின் கோட்டை. 1970 இடைத்தேர்தலில் எம்.எம்.எம்.மின் தேவ் விராசாமி இங்கே வென்று அக்கட்சியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1982இல் தேசத்தந்தை என்று போற்றப்படும் சிவசாகர் ராம்கூலம் இதே தொகுதியில் தோற்றார். 2014இல் பிரதமராக இருந்த அவர் மகனும் இங்கேயே தோற்றார். 2019இல் நவீன் தொகுதி மாறிப் பத்தாம் எண்ணில் நின்று அங்கும் தோற்றார். பத்தாண்டுகள் நாடாளுமன்றத்துக்கு வெளியே இருந்த அவர், கட்சித் தலைமையை ஒருநாளும் விடவில்லை. 2024இல் ஐந்தாம் எண்ணுக்கே திரும்பிவந்து பிரதமரானார். அதே நாளில் பிரவிந்த் ஜக்நாத் எட்டாம் எண் தொகுதியில் தோற்றார்.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்பதற்குக் காரணங்கள் இவை:

1. பேரம் தலைவர்களுக்கு இடையே நடக்கிறது. எத்தனை இடங்கள், எந்தத் தொகுதி, எந்தச் சமூகத்து வேட்பாளர் என்பதை இரண்டு மூன்று பேர் மூடிய அறையில் முடிவு செய்கிறார்கள். கட்சியின் பெயரும் சின்னமும் கையில் இருப்பவரே அந்த அறைக்குள் போக முடியும். நாடாளுமன்ற உறுப்பினராக இருப்பது அதற்குத் தேவையில்லை.

2. மூன்று பேர் கொண்ட பட்டியலில் சமூகச் சமநிலை பார்த்துச் சேர்க்கப்படுபவருக்குச் சொந்தமான வாக்கு வங்கி குறைவு. அவர் தலைவரை எதிர்த்துக்கொண்டால் மாற்ற அதே சமூகத்தில் இன்னொருவர் கிடைப்பார்.

3. கட்சிகளின் வரவு செலவு வெளியே தெரிவதில்லை. கட்சி நிதியை ஒழுங்குபடுத்த 2019இல் கொண்டுவரப்பட்ட மசோதா போதிய பெரும்பான்மை கிடைக்காமல் தோற்றது.

4. பிரிந்துபோனவர்கள் தனித்து வாழ்வதில்லை. எம்.எம்.எம். மட்டும் பலமுறை உடைந்திருக்கிறது. உடைந்த துண்டுகளில் 1983இன் எம்.எஸ்.எம். தவிர எதுவும் நிலைத்த பெரிய கட்சியாக வளரவில்லை. மற்றவை ஒரு தேர்தலில் பெரிய அணியோடு ஒட்டிக்கொண்டு, அடுத்ததில் கரைந்துபோயின.

இதன் விளைவாகவே குடும்பம் வருகிறது. கட்சித் தலைமை நடைமுறையில் ஒரு சொத்தாகிவிட்டால், அதைக் கைமாற்றுவதற்கு மிகச் சச்சரவு குறைந்த வழி குடும்பத்துக்குள் கொடுப்பது. 2017 ஜனவரியில் அனிருத் ஜக்நாத் பதவி விலகி, தேர்தல் இல்லாமலே மகன் பிரவிந்த் பிரதமரானார். பி.எம்.எஸ்.டி. கயெத்தான் துவாலிடமிருந்து மகன் சேவியர்-லுக் துவாலுக்கு வந்தது. பேரன் ஆத்ரியானும் அரசியலில் இருக்கிறார். 1967இன் முஸ்லிம் தலைவர் முகமதுவின் பேரன் இன்று தொழிற்கட்சியில் இருக்கிறார். பெரான்ஜேயின் மகள் ஜோஆன்னா 2019 முதல் நாடாளுமன்ற உறுப்பினர். வர்க்க அரசியல் பேசிப் பிறந்த கட்சியும் இந்த வரிசையில் சேர்ந்துகொண்டது.

இந்த வரைபடத்தில் தமிழர்

மேற்சொன்ன நான்கு சமூகங்களில் தமிழர் என்று தனிவகை இல்லை. தேர்தல் கணக்கில் அவர்கள் இந்து வகைக்குள் அடங்குகிறார்கள். ஆனால் கட்சிகள் பட்டியல் தயாரிக்கும்போது தமிழர், தெலுங்கர், மராத்தியர் என்று தனித்தனியாகவே எண்ணுகின்றன. தொழிற்கட்சியின் தொடக்ககாலத் தலைவர்களில் ஒருவரான ரங்கநாதன் சீனிவாசன் 1958இலேயே மறைந்துவிட்டார். அவர் உருவம் 100 ரூபாய்த் தாளில் இருக்கிறது. பிற தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் 25இல் ஒரு சீன வம்சாவளியினர், 50இல் ஒரு பிரெஞ்சு வம்சாவளியினர், 200இல் முகமது, 500இல் பிசுண்தயால், 1000இல் துவால், 2000இல் ராம்கூலம். பெஸ்ட் லூசர் கணக்கைப் போட்டவர்களே தாள்களையும் அச்சடித்தார்களோ என்று தோன்றும்.

அந்தச் சமநிலை எவ்வளவு நுட்பமானது என்பது 1998இல் தெரிந்தது. ஆங்கிலத்துக்கு அடுத்து இரண்டாமிடத்தில் இருந்த தமிழ் எழுத்து, புதிய தாள்களில் இந்திக்குக் கீழே தள்ளப்பட்டது. தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையில் மறுபடி அச்சிடப்பட்டன. அப்போது ஆட்சியில் இருந்தவர் 60க்கு 0 வென்று வந்த நவீன் ராம்கூலம். அப்படி வென்று வந்தவரின் அரசும் ஒரு சமூகத்தின் வருத்தத்துக்கு அஞ்சியது. ஏனெனில் அடுத்த தேர்தலில் 52, 48 ஆக மாறினால் போதும், மூன்றுக்கு மூன்றும் மறுபக்கம் போய்விடும்.

மாற்றத்துக்கு நான்கில் மூன்று பங்கு

தேர்தல்முறையை மாற்ற நாடாளுமன்றத்தில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். அல்பி சாக்ஸ் என்ற தென்னாப்பிரிக்க நீதிபதியின் தலைமையில் அமைந்த ஆணையம் 2002இல், இப்போதுள்ள 62 இடங்களோடு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தில் 30 இடங்களைச் சேர்க்கலாம் என்றது. 2018இல் பிரவிந்த் ஜக்நாத் அரசும் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தது. போதிய ஆதரவு திரளவில்லை. வெறும் 60 சதவீத வாக்கில் பத்தில் ஒன்பது பங்கு என்பதைப் போல நாடாளுமன்றத்தை அள்ளிக்கொண்ட அரசுக்கு மட்டுமே, யார் தயவும் இன்றி இம்மாற்றத்தைச் செய்யும் பலம் உண்டு. அந்த அரசுக்குத்தான் மாற்றுவதில் லாபம் குறைவு. 1982இலும் 1995இலும் வந்த அரசுகள் வாக்குமுறையைத் தொடவில்லை. 2024இல் வந்த அரசு தேர்தல் சீர்திருத்தத்தை வாக்குறுதியாக அறிவித்திருக்கிறது.

வாக்குறுதி நிறைவேறும்போது கவனிக்க வேண்டியது, எத்தனை விகிதாசார இடங்கள் என்பதைவிட அவற்றுக்கான பெயர்ப்பட்டியலை யார் எழுதுகிறார்கள் என்பது. மூடிய பட்டியல் முறை வந்தால் அதை எழுதுவது கட்சித் தலைவர். தொகுதியில் தோற்றாலும் பட்டியலின் முதல் பெயராக அவர் உள்ளே வந்துவிடலாம். 2014இல் ஐந்தாம் எண்ணிலும் 2024இல் எட்டாம் எண்ணிலும் வாக்காளர்கள் ஒரு பிரதமரை நேரடியாக வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. மூடிய பட்டியல் அந்த வழியை அடைத்துவிடும். வாக்காளரே பெயர்களுக்கு முன்னுரிமை தரும் திறந்த பட்டியலைப் பற்றி மூன்று பெரிய கட்சிகளில் எதுவும் இதுவரை ஆர்வம் காட்டிப் பேசவில்லை.